வெள்ளோட்டம்

உச்சிப்புளி கேட் அடைத்து
இருபது நிமிஷம்.
அந்தப் பக்கம் ஐஸ் லாரி, சொட்டச் சொட்ட.
இந்தப் பக்கம் நானும் ஜுலைகாவும்,
தள்ளுவண்டியில் எட்டுக் குடம்.

பலகையில் திட்டத் தொகை.
சைபர்களை எண்ணுகிறாள் ஜுலைகா.
எட்டாவதில் தப்பிப்போய்
மறுபடி முதலிலிருந்து.

வந்தது.
பேர் படிக்குமுன்னே போய்விட்டது.
"ஒம்பதே செகண்டு!"
எதிரிலிருந்து கத்துகிறான் லாரிக்காரன்,
தன் காசில் ஓடினதுபோல.
தன் காசும்தானே.

குடத்துத் தண்ணீர் மட்டும்
இன்னும் நடுங்கிக்கொண்டு.

கேட் தாண்டினால் தார் தீர்ந்து மணல்.
இந்த நானூறு அடிக்கு
மூன்று வருஷமாய் மனு.
சக்கரம் புதைகிறது.
"தள்ளுடி" என்றேன்.
"எத்தனை கிலோமீட்டர் வேகத்துல?" என்றாள்.

சிரித்ததில்
அரைக்குடம் போயிற்று.