ஒரு தரம், இரண்டு தரம்

ஒஹாயோ ஆற்றுக்கு மேலே
தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில்
பதினோரு வருடம் மல்லுக்கட்டினோம்.
ஒரு வார்த்தை பேசியதில்லை.
அவள் அட்டை முப்பத்தேழு,
என்னுடையது ஐந்து.

பீங்கானைப் பார்க்கும் வித்தையை
அவளிடமிருந்துதான் திருடினேன்.
பேனா விளக்கை வாய்க்குள் இறக்கினால்
நல்ல ஜாடி முட்டையோடு போல உள்ளிருந்து விடியும்.
விரிசல் விட்டது, நகத்தால் சுண்டினால்
தொண்டை கட்டிப் பேசும்.
விளிம்பை உதட்டில் வைத்துப் பார்ப்பாள்:
ஒட்டுப்போட்ட இடம் சில்லிடாது.
கூச்சமே கிடையாது, அத்தனை பேர் நடுவில்.

அந்த வெண்ஜாடி
இதே ஊர்ச் சூளையில் நூற்று முப்பது வருடம் முன் வெந்தது.
வலை போர்த்திய கழுத்து,
சொட்டும்போதே உறைந்த மணிகள்,
இடக் கைப்பிடியில் மயிரிழை விரிசல்.
நானூற்றுப் பத்து வரை போனேன்,
டிரக்குக்கு பிரேக் மாற்ற வைத்திருந்த பணம்.
நானூற்று இருபது என்றாள்,
வெளியே மழையா என்று கேட்பவளைப் போல.
மறுநாள் பிரேக்கை மாற்றினேன்.
இன்றும் அதை மிதிக்கும்போதெல்லாம்
அவளைத்தான் திட்டுகிறேன்.

மார்ச்சில் ஆர்டித் ஹேபிக் செத்துப்போனாள்.
பெயரையே செய்தித்தாளில்தான் படித்தேன்.
ஏப்ரலில் மடக்கு மேசைகளின் மேல்
நான் தோற்றதெல்லாம் வரிசையாக நின்றன.
அவள் மருமகன் காரைவிட்டு இறங்கவில்லை,
எஞ்சினையும் அணைக்கவில்லை.

"அறுபது" என்றேன்.
யாரோ டோனட் மென்றார்கள்.
டூயேன் சுத்தியலைத் தூக்கி
ஒரு தரம் என்றான்.
இரண்டு தரம் என்றான்.
வலப்பக்கம் எந்த அட்டையும் எழவில்லை.
"எழுபது" என்றேன்.
"ஐந்தாம் எண், அந்த அறுபதும் உங்களுடையதுதான்."
"நூற்று நாற்பது."
பின்வரிசை சிரித்தது.
டூயேன் சிரிக்கவில்லை,
பதினோரு வருடமும் நடுவில் நின்றவன்.
படிப்படியாக என்னோடு ஏறி
நானூற்று முப்பதில் சுத்தியலை இறக்கினான்.

இரவு, சமையலறை மேசையில்
விளக்கை ஜாடிக்குள் விட்டேன்.
விடிந்தது. அடியில் ஒரு காகிதச் சுருள் நிழலாட
தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன்.
பென்சில் எழுத்து: தேதி, விலை,
"இடக் கைப்பிடி விரிசல்",
அதன் கீழே,
"ஐந்தாம் எண் 410-இல் நின்றுவிட்டான்.
இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் விட்டிருப்பேன்."

பென்சில் கிடைக்க நேரமாயிற்று.
பின்பக்கம் 430 என்று எழுதி
சுருட்டி
உள்ளேயே போட்டேன்.