பத்தடிக்கு ஒரு பகடை

மூன்று சனிக்கிழமையாகத் தரையிலேயே
செத்துக்கொண்டிருந்தோம்.

காரைக்குடி, செக்காலை ரோடு,
மருந்துக்கடைக்கு மேலே உமையாளின் சரக்கு அறை.
தரை முழுக்க ஆத்தங்குடிக் கல்.
ஒரு கல்லுக்கு ஐந்தடி. தனியாக வரைபடம் எதற்கு
என்று நான்தான் சொன்னேன்; ஆட்டம் நடத்துகிறவன் நான்.
கூளிகளுக்குப் புளியங்கொட்டை.
யாளிக்குப் பித்தளைப் பூட்டு.

எல்லாரும் கல்லை எண்ணினார்கள்,
நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை.
ஆறு கூளி சுற்றி வளைக்கும்.
ஜெஸிந்தாவின் மந்திரக்காரி பன்னிரண்டாம் கல்லில் விழுவாள்,
அடுத்த வாரம் புதுப் பெயரோடு வந்து
அதே கல்லில் விழுவாள்.

நான்காம் சனிக்கிழமை
யாகூப் தாமதமாக வந்தான், மின்வாரியச் சட்டையோடு.
கோட்டையூரில் ஏதோ டிரான்ஸ்பார்மர்.
பகடையைத் தொடாமல் கேட்டான்:
"இந்த மண்டபம் எவ்வளவு ஒசரம்?"

எழுதி வைத்திருக்கவில்லை.
நீளம் இருந்தது, அகலம் இருந்தது,
யாளியின் உயிர் எண்பத்தெட்டு என்று இருந்தது.
கூரையே இல்லாமல்
மூன்று வாரம் யுத்தம் நடத்தியிருக்கிறேன்.

"முப்பதடி" என்றேன், வாயில் வந்ததை.
சொன்னதும் மண்டபம் வளர்ந்தது.
கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்தில்
அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்த நினைவில்
இருபதடியில் நாலு பக்கமும் மாடி நடை போட்டேன்.
தேக்குக் கைப்பிடி. முற்றத்துக்கு மேல்
குரங்கு இறங்காமலிருக்கக் கம்பி வலை.
"வெளக்கு தொங்குதா?"
"தொங்குது."
"சங்கிலியா, கயிறா?"
"...சங்கிலி."

ஜெஸிந்தா தன் டிபன் கேரியரைப் பிரித்தாள்.
அடுக்குக்குப் பத்தடி.
சாம்பார் வாசனையோடு ஒன்று எழுந்தது,
அதன் மேல் ரசம்.
உமையாளின் வில்லாளி ரசத்தின் மீது ஏறி நின்று
நாலு கூளியை எய்தாள்.
கூளிகளுக்கு வில் கிடையாது என்று
எழுதியவனும் நான்தான்.
மிச்சம் இரண்டையும் ஒன்றன் தோளில் ஒன்றாக நிறுத்தப் பார்த்தேன்.
புளியங்கொட்டை வழுக்கியது.

யாளி தும்பிக்கையை நீட்டியது. பதினைந்தடி எட்டும்.
தூண் அதிர்ந்தது, ரசம் ஆடியது.

"யாகூப், ஒன் திருடன் மாடியேறி
வெளக்குச் சங்கிலிக்குத் தாவட்டும்,
அப்படியே யாளி முதுகுல!"
எல்லாரும் கத்தினார்கள். அவன் நகரவில்லை.
உயரத்தைக் கேட்டவனே அவன்தான்.

"விழுந்தா?"
"பத்தடிக்கு ஒரு பகடை."
"பதினெட்டடிக்கு?"
விதியைப் பார்த்தேன். "ஒண்ணுதான்.
மிச்ச எட்டடி கணக்குல வராது."

சிரித்தான்.
போன ஐப்பசி, மழை, கம்பம்.
இடது தோளில் இன்னும் தகடு இருக்கிறது.
"அந்த எட்டடிதான்யா
எனக்கு மூணு மாசம்."

யாரும் அவசரப்படுத்தவில்லை.
கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

பிறகு, மேலே பார்க்காமல்,
பச்சைப் பூக்கல்லையே பார்த்துக்கொண்டு கேட்டான்:
"சங்கிலியோட இந்த முனை எங்க கட்டியிருக்கு?
மேல தொங்குறது எதுவானாலும்
கீழ ஒரு எடத்துல கட்டித்தான இருக்கணும்?"

அதையும் நான் எழுதி வைத்திருக்கவில்லை.
"தூணில் ஒரு கொக்கி. உனக்கு இரண்டு கல் தள்ளி."
திருடன் நடந்தான், தரையோடு.
கொக்கியை விடுவித்தான்.

இருபதடிக்கு இரண்டு, எடைக்கு ஒன்று.
ஆறு. ஆறு.
மூன்றாவது பகடை உருண்டு
குளுக்கோஸ் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.
செல்லும், செல்லாது என்று கால் மணி நேரச் சண்டை.
மறுபடி உருட்டினான். இரண்டு.

யாளிக்குப் பதினாறு மிச்சமிருந்தது.

கண்ணாடிச் சில்லுகளை உதறிக்கொண்டு
இரண்டே இரண்டு உயிரோடு அது எழுந்தது.
தரையில் யாரையும் தேடவில்லை.
மெல்லத் தலையைத் தூக்கி
ரசத்தின் மேல் நின்ற உமையாளைப் பார்த்தது.

அதன் முறை.