பலகைக்காரி

சூளகிரி மலைக்கு இந்தப் பக்கம்
நூற்று எண்பது ஏக்கர் புல்.
நடுவே பதினெட்டுக் குழி.
கொத்தமல்லிக்கு எட்டாத தண்ணீர்
இங்கே விடிய விடியப் பீய்ச்சி அடிக்கிறது.
அதைப் பேசவா
மூன்று நாள் கூலி தருகிறார்கள்?

எனக்குக் கொடுத்தது ஒரு பலகை.
நீளக் கம்பின் உச்சியில் மூன்று பெயர்,
பெயருக்கு ஒரு கொக்கி.
கீழே தனியாக, தடியாக, இன்னொரு கொக்கி.
அது அணிக்கு.

அடித்த அடியெல்லாம் அவரவர் கணக்கில் ஏறும்.
ஒவ்வொரு குழியிலும்
மூவரில் குறைவாய் அடித்த இருவரின் எண்
கூட்டி அணிக்குப் போகும்.
மூன்றாவது எண்
அடித்தவளுக்கு மட்டும் வலிக்கும்.

சூப்பர்வைசர் மாதேஷ் இதை மூன்று தடவை விளக்கினார்.
முதல் தடவையே தலையாட்டிவிட்டேன்.
மல்லி மண்டியில் எனக்குப் பதினோரு வருஷம்.
கட்டுக்கு இவ்வளவு, அது என் கணக்கு.
நாலு மணிக்குள் லாரி நிறைந்தால்
தலைக்கு நூறு, அது எல்லார் கணக்கு.
வாடிய கட்டு கழிப்பில் போகும்;
கட்டின விரல் அதையும் சேர்த்தே வலிக்கும்.

இங்கர் நெட்டை. வெயிலில் வெந்த கழுத்து.
குர்நூர் லூதியானாக்காரி,
பந்தைத் திட்டிக்கொண்டே நடப்பாள்;
பாஷை தெரியாவிட்டாலும் திட்டு தெரியும்.
பிம்சிரி தாய்லாந்து.
நாலாவது குழியில் இரண்டு பந்தைக் குளத்துக்குக் கொடுத்தாள்.
எட்டு.
அந்த எட்டை மாட்டும்போது
கொக்கி கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.
எண்ணெய் போடாதது என் தப்பு.

அப்புறம் பதிமூன்று குழி.
அவள் எண் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.
இருந்தும்
இங்கரின் பந்து லண்டானாப் புதரில் தொலைந்தபோது
முதலில் உள்ளே போனது பிம்சிரி.
முழங்கையில் கீறலோடு வந்தாள்,
பந்தைக் காட்டினாள், சிரித்தாள்.

பதினெட்டு.
இங்கருக்குத் தனிக்கோப்பை ஓர் அடியில் இருந்தது.
அணிக்கோப்பையும் அதே ஓர் அடியில்.
ஒரே பந்து, இரண்டு கோப்பை.
குர்நூர் தன் வேலையை முடித்துவிட்டு
மணலை உதறிக்கொண்டிருந்தாள்.

பிம்சிரியின் பந்து இன்னும் தள்ளி,
ஆனால் அதே தடத்தில்.
தள்ளி இருப்பவள் முதலில். அது சட்டம்.
அவள் குனிந்தாள்.
பார்க்க நேர்வழி. பந்தும் நேராகத்தான் போனது.
கடைசி முழத்தில் மட்டும்
மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி
குழியை உரசாமல் ஒரு சாண் தள்ளி நின்றது.
கூட்டம் ‘ச்ச்’ கொட்டியது.
தட்டி உள்ளே விட்டாள். ஆறு.

இங்கர் உட்கார்ந்தாள்.
பந்து போன தடத்தைக் கண்ணால் தடவினாள்.
எழுந்து,
குழியே இல்லாத பக்கம் பார்த்து
நாலு விரல் தள்ளி அடித்தாள்.
போனது. யோசித்தது. திரும்பியது.
சொம்புக்குள் புளியங்கொட்டை விழுந்த சத்தம்.

இங்கருக்கு மூன்று மாட்டினேன்.
குர்நூருக்கு நாலு. கீழே ஏழு.
ஆறைக் கையில் எடுக்கும்போது
கயிற்றைத் தாண்டி ஜனம் வந்துவிட்டது.
பலகை சாய, அதைப் பிடிக்கவே
எனக்கு இரண்டு கையும் போதவில்லை.

மேடையில் இங்கர் இரண்டு தடவை ஏறினாள்.
இரண்டாவது தடவை மூவராய்;
பிம்சிரி ஓரத்தில்,
கோப்பையின் ஒரு காதைப் பிடித்தபடி.

“அண்ணா, முதலில் போச்சே ஒரு பந்து,
அதை எந்தக் கொக்கியில் மாட்டணும்?”
என்று மாதேஷைக் கேட்டேன்.
“எந்தப் பந்து?” என்றார்.

பஸ்ஸில் இடுப்புப் பை குத்தியது.
கைவிட்டால், ஆறு.
தகர எண், ஓரத்தில் கொஞ்சம் துரு.
பக்கத்துச் சீட்டுக் குழந்தை பிடுங்கி
ஒன்பது என்று படித்தது.

கூலியில் நாற்பது ரூபாய்
தகடு குறைந்ததற்கென்று பிடித்திருந்தார்கள்.
பிடிக்கட்டும்.