சீனன்குடா, இலக்கம் அழிந்த தொட்டி

நாலு மாதக் கச்சான்.
எண்ணெய்த் தொட்டியின் சீமெந்துச் சுவரில்
சாம்பலாய்ச் சுருண்டு கிடக்கிறது பாசி.
"மௌத்தாப் போச்சு, சுரண்டட்டா?"
மாஹிர் கையில் கம்பிப் பிரஸ்.

பொறு.
போத்தலில் மிஞ்சியதை ஊற்றினேன்.
வேர் இல்லை அதற்கு;
உடம்பெல்லாம் குடித்தது.
ஒற்றைக் கலத் தடிப்பு இலைகள்
மாஹிர் வெற்றிலை மடித்து வாயில் போடுமுன்
விரிந்து பச்சையாயின.

இந்த ஈரம் காயுமுன்
ஆண் அணு நீந்திக் கடக்கவேண்டும்
அரை விரற்கடை.
அதற்கு அது கொட்டியாரக்குடா.

பக்கத்தில், போன மாரியில் கருக்கொண்டது:
சிவந்த காம்பில் தலைகவிழ்ந்த உறை.
வெயில் ஏற ஏறப்
பல் திறந்து தூவுகிறது,
மூதூருக்கோ
மடகஸ்காரில் ஒரு கூரைக்கோ.

மாஹிர் துருவை மட்டும் சுரண்டுகிறான்.