பத்தொன்பது மில்லிமீட்டர்

தார்த்து நகரில் காலை ஆறரை, இன்னும் இருட்டு.
ஜெல் புட்டியை வெந்நீரில் நிறுத்திவைக்கிறாள் ஹெல்யே.
குளிர்ந்த ஜெல்லோடு யாரையும் தொடக்கூடாதென்று
ஆய்வு விதிகளில் எங்கும் இல்லை.
அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

சன்னலுக்குக் கீழே உறைந்து கிடக்கும் நதிக்கு
இவ்வூர் மொழியில் தாயாறு என்று பொருள்.
இந்த அறைக்கு வரும் பெண்கள்
'ஆறு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முப்பத்தெட்டாம் எண், த்ரீனு.
ஏழாம் தடப் பேருந்தின் ஓட்டுநர்.
சீருடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படுக்கிறாள்.

இரண்டு வகை மாத்திரை, ஒரே வெள்ளை.
ஒன்றில் மருந்து, ஒன்றில் மாவு.
எதில் எதுவென்று ஹெல்யேவுக்குத் தெரியக்கூடாது,
த்ரீனுவுக்கும் தெரியக்கூடாது,
குப்பிக்கே தெரியாது.

பத்தாம் நாள் ஒன்பது மில்லிமீட்டர்.
பன்னிரண்டாம் நாள் ஒன்பது.
பதினாறாம் நாளும் அதே ஒன்பது.
திரையில், சூலகத்தின் ஓரமாய்
கரிய சிறு குமிழ்கள் வரிசையாக.
"என் நிறுத்தத்தில் நிற்பவர்கள் மாதிரியே இருக்கிறார்கள்,
நீங்கள் முதலில் ஏறுங்கள், நீங்கள் முதலில் என்று
ஒருவரும் ஏறாமல்."

சினைமுட்டை வெளிவந்ததா?
கட்டத்தில் பூஜ்யம்.
பூஜ்யத்தை முட்டை என்று சொல்லும் மொழி
ஹெல்யேவுக்குத் தெரியாது.
ஆனாலும் அவள் பேனா
மூன்று மாதமாய் முட்டைதான் வரைந்தது.

நான்காம் மாதம்
பதினொன்று.
பதினான்கு.
பத்தொன்பது.

ஹெல்யே இரண்டு முறை அளந்தாள்.
ஒரு வாரம் கழித்து ரத்தமும் ஆமென்றது.
முதல் கட்டத்தில் ஒன்று எழுதினாள்.
கரு தங்கியதா என்ற கட்டத்தில் மீண்டும் பூஜ்யம்.
அதற்கடுத்த கட்டத்தை, குழந்தை என்ற கட்டத்தை,
த்ரீனு எழுந்து போனபின்தான் நிரப்பினாள்.

போவதற்கு முன் கேட்டிருந்தாள்,
அந்தப் பத்தொன்பதின் படம் ஒன்று கிடைக்குமா?
கொடுக்கக்கூடாது.
அச்சுப்பொறி கரகரத்தது.

அக்டோபரில் முத்திரை உடைத்தார்கள்.
எல்லோருக்கும் கடிதம் போனது.
மாவு தின்றவர்களில் சிலருக்கும் இப்படித் தானாக நிகழும்,
எதிர்பார்த்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்
புள்ளியியல் பார்க்கும் ரைன், திரையிலிருந்து தலை தூக்காமல்.

ஹெல்யேவின் கார் பழுதான நாளில் ஏழாம் தடம் வந்தது.
வெயில் மறைப்பில் செருகிய காகிதம்,
சாம்பல் நிறத்துக்குள் ஒரு கரிய வட்டம்.
பார்க்கிறவர்கள் குழந்தையா என்று கேட்பார்களாம்.
இல்லை என்பாளாம், அதற்கு மேல் சொல்வதில்லையாம்.

"கடிதம் வந்தது," என்றாள் த்ரீனு,
கண்ணாடி வழியாக.
"மாவு."
சிவப்பு விளக்கில் நின்றது வண்டி.
"அப்படியென்றால் அது நானே செய்தது."

ஹெல்யே என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.
விளக்கு பச்சையாகிவிட்டது.

மருத்துவமனை நிறுத்தம்.
"பின்கதவு குளிரில் ஒட்டிக்கொள்ளும்," என்றாள் த்ரீனு,
"கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்கள்."