கடன் வாங்கிக் கழித்தல்

ஏழு மணிப் பேருந்தில் மலையிறங்கினேன்,
கைப்பையில் ராஜினாமாக் கடிதம்.
தேதி மட்டும் போடவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் எனக்கு
அன்று குமட்டவில்லை.
முடிவெடுத்துவிட்டால் உடம்பு லேசாகிவிடும் போல.

சேலத்தில் மூன்று நாள் பணியிடைப் பயிற்சி.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
அப்படியே அலுவலகத்தில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.
நாத்தனார் வீட்டு சேகோ மில்லில்
கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள்.
ஜவ்வரிசி மூட்டைகளுக்கு
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று
சிக்னல் தேடித் தேடி
செயலியில் வருகை பதிய வேண்டியதில்லை.

முதல் நாள் திரையில் அம்புக்குறிகள்.
ஒரு வட்டம், அதிலிருந்து இன்னொரு வட்டம்.
மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்கள் தூங்கினார்கள்.
நான் போண்டா எண்ணினேன். ஆளுக்கு ஒன்றரை.

இரண்டாம் நாள் வந்தவர்
ஓமலூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர், ஃபௌசியா.
மடிக்கணினியைத் திறக்கவேயில்லை.
"ஆளுக்கொரு தப்பு கொண்டு வரச் சொன்னேனே,
எங்கே?"

கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது
தீர்த்தகிரியின் கணக்கு நோட்டு.
நான்காம் வகுப்பு.
சில்வர் ஓக்கில் மிளகு ஏறும் சரிவு வழியாக
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன்.
43இல் 17 போனால் 34.
52இல் 28 போனால் 36.
பக்கம் பக்கமாக என் சிவப்பு மை:
கவனம் தேவை. கவனம் தேவை. கவனம்.

நாலு பேர் தலை முட்டக் குனிந்தோம்.
வாழப்பாடி செல்வமேரி,
எடப்பாடி அங்கமுத்து சார்,
பேர் கேட்க மறந்த ஒரு புதுப் பெண், நான்.
அரைமணி நேரம்.
ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி அரைமணி நேரம்
எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அங்கமுத்து சார்தான் பிடித்தார்:
"கவனமாத்தான் இருக்கான், டீச்சர்.
ஒரு எடத்துலகூட மாறல பாருங்க.
மேல இருந்தாலும் கீழ இருந்தாலும்
பெருசுலருந்து சின்னதை எடுக்கிறான்.
சின்னதுலருந்து பெருசு போகாதுன்னு
யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

நான்தான்.
ரெண்டாம் வகுப்பில். மேசையைத் தட்டித் தட்டி.

பதினோரு வருஷம்.
எத்தனை பிள்ளைகள் ஒழுங்காகக் காப்பாற்றிய சட்டத்தை
கவனக்குறைவென்று படித்திருப்பேன்?
வெட்கமாக இருந்தது.
வெட்கத்தின் பின்னாலேயே
ரொம்ப நாளாக வராத ஒன்று வந்தது,
பசி மாதிரி.
திங்கட்கிழமை எப்போது வருமென்று இருந்தது.

தாள் வேண்டியிருந்தது. கைக்கு வந்ததை எடுத்தேன்.
'மதிப்பிற்குரிய ஐயா'வின் முதுகில்
பொட்டலங்கள் வரைந்தோம்,
பொட்டலத்துக்குப் பத்து மிளகு.

திங்கட்கிழமை
நாலு பொட்டலம், மூணு உதிரி
தீர்த்தகிரி முன்னால் வைத்தேன்.
"பதினேழு குடு."
மூன்றைப் பார்த்தான். பொட்டலத்தைப் பார்த்தான்.
என் கையில் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று பார்த்தான்.
"பிரிக்கலாமா டீச்சர்?"

அதற்காக எல்லாம் மாறிவிடவில்லை.
சம்பளம் அதேதான். செயலியும் அதேதான்.
மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம் என்றோம்,
முதலில் ஐந்து பேர், அடுத்த முறை மூன்று.
செல்வமேரி வரவில்லை,
வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி.
என் கடிதம் பையில்தான் இருக்கிறது,
மிளகு வாசனையோடு.

நேற்று ராத்திரி எட்டரைக்கு
அந்தப் புதுப் பெண்ணிடமிருந்து ஒரு படம்.
வினோதா. இப்போது பேர் தெரியும்.
"அக்கா, இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பெருக்கியிருக்கா?
எனக்குப் புரியல."

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
பனியில் நனைந்த ஏணியில்
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினேன்.
படம் இறங்க நேரமாகிறது.
கீழே சேலத்து விளக்குகள்.
திரையில் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது,
மேல்வரிசை மட்டும் தெரிகிறது இதுவரைக்கும்.