இதோ

மார்த்தாண்டத்தில், பாலத்துக்கு நேர் உயரத்தில்
என் ஜன்னல்.
கீழே தேன் கடை. மேலே நான்,
கம்பளி ஒட்டிய சுவர், ஒரே ஒரு மைக்,
எப்படிச் சாத்தினாலும்
ஒரு விரல் இடைவெளி விடும் கதவு.

கிறிஸ்துமஸ் பாட்டு. ஒன்பது குரல்,
ஒவ்வொருவராய் வந்து பாடிப் போனது.
தாளம் எண்பத்து நான்கு.
திரை முழுக்கக் கோடுகள், ரப்பர் தோட்டத்து வரிசை போல.
அசை அசையாகப் பிடித்து
அதனதன் மரத்தில் கட்ட வேண்டும்.

க, ட, ப எல்லாம் எளிது.
வெட்டுக்கல் மாதிரி விளிம்பு இருக்கும்,
பிடித்துத் தூக்கலாம்.
ழகரத்துக்கு விளிம்பே கிடையாது.
நீ எங்கே தொடங்கினாய் என்று கேட்டால்
முந்தின உயிரைக் கைகாட்டும்.
நெடிலை இழுக்கலாம், கொஞ்சம்தான்;
மிஞ்சினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடும்.
பள்ளிக்கூடத்து மாத்திரைக் கணக்கு
இந்த மென்பொருளுக்குத் தெரியாது.
ஒற்றுக்கு அரை என்றால்
எத்தனை மில்லி செகண்ட் என்று நிற்கும்.

எட்டுப் பேர் இரண்டு ராத்திரியில் கட்டுக்கு வந்தார்கள்.
ஒன்பதாவது றோஸ்லெற்.
பாகோட்டுக்காரி, அண்டி ஆபீசில் தல்லுகிறவள்.
விரல் நுனியில் கறையோடு வந்து
ஹெட்ஃபோனை உள்ளங்கையால் வாங்கி மாட்டினாள்.

மூன்றாம் சரணம்.
எல்லாரும் 'இதோ' என்கிறார்கள்.
இவள் இல்லை.
முக்கால் செகண்ட் கழித்து
மற்றவர்கள் அடுத்த சொல்லில் இருக்கும்போது
தனியாக வருகிறது அவளுடைய இதோ.
பிறகு ஓடுகிறாள்.
விட்ட பஸ்சை அடுத்த ஸ்டாப்பில் பிடிக்கிறவள் போல
நெடிலைக் குறிலாக்கி, குறிலை நெரித்து,
வரி முடிகிற இடத்தில்
எல்லாரோடும் நிற்கிறாள், இரைக்காமல்.

'அவளுக்குத் தாளம் நிக்காது, ம்யூட் பண்ணிரும்'
என்றார் டார்வின் மாஸ்டர்.
சரி என்றேன்.
தாளம் நிற்காதவளுக்கு
இப்படித் திரும்பி வரத் தெரியுமா?
ராத்திரி ஒன்பதுக்குப் போன் போட்டேன்.

'ஓ அதா? அப்ப ஒருத்தன் ஆரன் அடிச்சான்லா அக்கா.
அவன் போவட்டும்னு நிண்ணேன்.
ரெண்டும் ஒண்ணா விழுந்தா
பின்ன உங்களுக்குத்தானே பாடு.'

எந்த ஆரன்?

முதல் நாளே எல்லாத் தடத்திலும்
இரைச்சல் நீக்கியை ஓட்டியிருந்தேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.
கழுவாத பழைய பதிவைத் தேடி எடுத்தேன்.
இருந்தது.
களியக்காவிளை வண்டியாக இருக்கும், நீளமாக,
முடிவில் சற்று உடைந்து.
அதற்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கும் சத்தம்.
இழுத்த மூச்சு அப்படியே நிற்கிறது.
பஸ் பாலத்தின் வளைவு தாண்டித் தேய்கிறது.
இதோ.

பஸ்சைத் துடைத்தவள் நான்.
பஸ்சுக்காக நின்றவள் மட்டும் திரையில் மிச்சம்,
காரணம் இல்லாமல், தாமதமாக,
தாளம் தெரியாதவளாக.

என்ன செய்ய?
சண்டேஸ்கூல் பிள்ளைகள் இருபது பேர்
இந்தப் பாட்டுக்குக் கால் வைக்க வேண்டும்.
அவள் இதோவை நறுக்கி
முன்னால் தள்ளிக் கோட்டில் வைத்தேன்.
நெரிந்த சொற்களைத் தளர்த்திவிட்டேன்.
மாஸ்டருக்கு அனுப்பியதில் ஒன்பது குரல்.
'அந்தப் பொண்ணு தேவலையே' என்று பதில் வந்தது.
விளக்கம் சொல்லவில்லை.

பன்னிரண்டரை.
அடுத்த பாட்டைத் திறந்து
முதல் அலையில் கை வைக்கப் போனேன்.
பாலத்தில் எவனோ அடித்தான்.
பதிவு எதுவும் ஓடவில்லை,
மைக்குக்கு மின்சாரமே இல்லை.
ஆனாலும் மௌசுக்கு ஓர் அங்குலம் மேலே
என் கை நின்றது,
அவன் போகட்டும் என்று.